புதன்கிழமை யார் கூட்டுவது

மருதேந்தல்
6.7.1958

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்றைக்குத்தான் எழுத உட்கார முடிந்தது. நீ சொல்லி உன் அய்யா எனக்கு ஒதுக்கித் தந்த அறை வசதியாக இருக்கிறது. சன்னலைத் திறந்தால் உங்கள் தொழுவமும், அதற்கப்பால் கண்மாய்க்கரையும் தெரிகின்றன. கடல் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்று கேலி செய்தாயே, அது உண்மைதான்.

ட்ரெயினிங் முடிந்து ஆர்டர் வந்த அன்று விடுதியில் நாம் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா? தீவில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்த என்னை உன் ஊர் வயற்காட்டுக்கும், வயற்காட்டில் பிறந்த உன்னை மண்டபத்துக்குப் பக்கத்தில் சங்குமுனைக்கும் போட்டிருந்தார்கள். இங்கே எனக்கு இப்போது அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் என் பொறுப்பு. அடுத்த மாதம் டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார். ஒவ்வொரு ஆசிரியரும் வகுப்பு நிர்வாகத் திட்டம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ட்ரெயினிங்கில் எழுதினோமே, உட்காரும் வரிசை, சுத்தம், தாமதம், தண்டனை என்று தலைப்புப் போட்டு, அதேதான். அங்கே எழுதும்போது எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி என்று நினைத்து எழுதினோம்.

ஐந்தாம் வகுப்பில் இருளாயி என்று ஒரு பெண். கண்மாய்க்கரைக் குடியிருப்பு. அவள் அப்பா காத்தமுத்து உங்கள் வயலில்தான் வேலை செய்கிறார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து பள்ளி முழுவதையும் கூட்டி, வாசல் தெளித்து, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு அவள் உள்ளே வரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். சாயங்காலமும் அப்படியே. முதல் வகுப்பிலிருந்தே இதுதான் நடக்கிறது. தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஒரு வரி வாசிக்க வரவில்லை. இத்தனை வருடமாக என்ன செய்தாய் என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை.

"கூட்டுனேன் டீச்சர்" என்றாள்.

அதனால் திட்டத்தில் சுத்தம் என்ற தலைப்பின்கீழ் நாளுக்கு ஒரு குழு என்று எழுதியிருக்கிறேன். எல்லாத் தெருப் பிள்ளைகளும் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். அன்றைய குழு கூட்டும். பிரதி இத்துடன் இருக்கிறது. பார்த்துத் திருத்தி அனுப்பு. நம் வகுப்பில் உன் திட்டத்துக்குத்தானே முதல் மார்க்.

அன்புடன்,
வேளாங்கண்ணி


சங்குமுனை
18.7.1958

அன்புள்ள கண்ணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதலில் என் புலம்பலைக் கேள். உங்கள் கடற்கரைப் பிள்ளைகளை என்னால் கட்டி மேய்க்க முடியவில்லை. ஒருநாள் அறை நிறைய இருக்கிறார்கள். மறுநாள் பாதிப் பேரைக் காணோம். வெயில் ஏறிய பிறகு ஈரக்காலோடும் மீன் வாடையோடும் வந்து நிற்கிறார்கள். தாமதமாக வந்தால் வெளியே நிற்க வேண்டும் என்று என் திட்டத்தில் எழுதியிருக்கிறேன். வெளியே நிறுத்தினால் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். இது என்ன வழக்கம்?

உன் திட்டம் நன்றாக இருக்கிறது. எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழு பிரிக்கும்போது யாரை யாருடன் சேர்க்கிறாய் என்று கொஞ்சம் பார்த்துச் சேர். என் அண்ணன் மகள் வெள்ளையம்மாளும் உன் வகுப்பில்தானே இருக்கிறாள். அய்யா நல்லவர்தான். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனாலும் எங்கள் ஊர்...

இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் வந்துபோகும் வரையாவது அந்த ஒரு தலைப்பை இருக்கிறபடி விட்டுவிடேன். மற்றவை எல்லாம் சரியாக இருக்கின்றன.

அன்புடன்,
முருகேஸ்வரி


மருதேந்தல்
8.8.1958

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

இருக்கிறபடி விடமுடியவில்லை. நான் விட்டால் அவள் விளக்குமாறோடுதான் ஆறாம் வகுப்புக்குப் போவாள். அதுவும் போகமாட்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார், வாசித்தார், 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியர் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

வெள்ளையம்மாள் புதன்கிழமைக் குழு. இருளாயி வெள்ளிக்கிழமைக் குழு. சென்ற புதன்கிழமை உன் அண்ணன் மகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டினாள். கூட்டத் தெரியவில்லை, குப்பையை இங்கிருந்து அங்கே தள்ளினாள். ஆனால் சந்தோஷமாகச் செய்தாள். அன்று முதல் பாடத்தில் இருளாயி உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் பலகையைக் கொடுத்து 'இ' எழுதிக் காட்டினேன்.

எங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். கரைவலை இழுக்கிற நாளில் விடியற்காலையில் கயிற்றைப் பிடித்த எல்லோருக்கும் மீனில் பங்கு உண்டு, சின்னப் பிள்ளைக்கும் உண்டு. அதுதான் அன்றைய சோறு. வலை கரையேறும் வரை அவர்களால் வரமுடியாது. நானும் அப்படித்தான் படித்தேன். வெளியே நிறுத்தாதே. வலை ஏறிய பிறகு இன்னொரு மணி அடி. அந்த மணிக்குள் வந்தால் தாமதம் இல்லை என்று எழுதிக்கொள்.

அன்புடன்,
வேளாங்கண்ணி


சங்குமுனை
17.8.1958

செல்வி வேளாங்கண்ணி அவர்களுக்கு,

அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் வீட்டுப் பெண்பிள்ளை ஊர் பார்க்கப் பள்ளிக்கூடத்தைக் கூட்டினாள் என்று கேள்விப்பட்டு அம்மா அன்று சாப்பிடவில்லையாம். அய்யா, "ஒன் சிநேகிதின்னு சொன்னதாலதான் வீட்டுல எடம் குடுத்தேன்" என்று மட்டும் எனக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பள்ளிக்கூடம் நிற்கிற இடம் அய்யா கொடுத்தது. அவர் வீட்டு அறையில் இருந்துகொண்டு அவர் பேத்தி கையில் விளக்குமாற்றைக் கொடுத்திருக்கிறாய். கொஞ்சம் பொறு என்றுதான் எழுதினேன். என் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று தெரிந்துகொண்டேன்.

அய்யாவிடம் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு. வெள்ளையம்மாளைக் குழுவிலிருந்து எடுத்துவிடு. இதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
நா. முருகேஸ்வரி


ஆர்.எஸ்.மங்கலம்
25.8.1958

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

மேலே ஊர் மாறியிருப்பதைப் பார். அறையைக் காலி செய்துவிட்டேன். உன் அய்யா போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. இங்கே உம்மு ஹபீபா என்ற அம்மா தன் வீட்டின் பின்கட்டைத் தந்திருக்கிறார். காலை பஸ்ஸில் மருதேந்தலுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறேன்.

உன் அய்யா பள்ளிக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. "டீச்சர், நீங்க படிச்சவுக, ஊருக்குப் புதுசு. காலகாலமா ஒண்ணு நடக்குதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். சின்னப் பிள்ளைகளைக் குழப்பிவிடாதீக" என்றார். என்ன காரணம் என்று கேட்டேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து வெள்ளையம்மாள் வரவில்லை. அவள் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

உன் பேச்சுக்கு மதிப்பில்லாமல் இல்லை. அறையில் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் பெட்டியைக் கட்டினேன். ஆனால் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெள்ளையம்மாள் ஒருநாள் கூட்டியதற்கு மன்னிப்புக் கேட்டால், இருளாயி இத்தனை வருடம் கூட்டியது சரி என்று ஆகிவிடுமே.

ஒன்று கேட்கிறேன். நீயும் அந்தப் பள்ளியில்தானே படித்தாய். அப்போது யார் கூட்டினார்கள்?

அன்புடன்,
வேளாங்கண்ணி


ஆர்.எஸ்.மங்கலம்
20.11.1958

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

நீ பதில் போடவில்லை. இதற்கும் போடமாட்டாயோ என்னவோ. வேறு யாருக்கு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்துவிட்டது. வயலெல்லாம் களையெடுப்பு நடக்கிறது. காத்தமுத்தையும் அவர் மனைவி பேச்சியையும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. உங்கள் வயலில் மட்டும் என்றில்லை, எந்த வயலிலும் கூப்பிடவில்லை. யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலையில் ஆள் கூப்பிட வருகிறவர்கள் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நேற்றுப் பேச்சி பள்ளிக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுகொண்டு, "டீச்சர், எம் பிள்ளை கையில அந்த வெளக்கமாத்தக் குடுத்துருங்க. அவ படிக்காட்டியும் பரவால்ல. வீட்டுல ஒலை வைக்கணும்" என்றாள்.

நான் அவளுக்கு என்ன சொல்வேன்? சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்றா? நான் மாதச் சம்பளம் வாங்குகிறவள். ஒரு திட்டத்தை எழுதி 'நன்று' வாங்கிவிட்டு பஸ் ஏறி வந்துவிடுகிறேன். பட்டினி கிடப்பது அவர்கள். ட்ரெயினிங்கில் இதற்கு ஒரு தலைப்பு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்று காலை இருளாயி சீக்கிரமே வந்து விளக்குமாற்றை எடுத்திருந்தாள். அவள் அம்மா அனுப்பியிருப்பாள். நான் அதை வாங்கி நானே கூட்டினேன். அவள் சுவர் ஓரமாக நின்று பார்த்தாள். ஒரு டீச்சர் கூட்டுவதைப் பார்த்து அவளுக்கு ஏற்பட்டது சந்தோஷம் இல்லை, பயம். நான் செய்தது சரியா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை, முருகு. தப்பு என்றால் அதையாவது எழுது.

வேளாங்கண்ணி


சங்குமுனை
26.11.1958

அன்புள்ள கண்ணிக்கு,

நான் படிக்கும்போது கூட்டியவள் பெயர் வள்ளி. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நீ கேட்ட நாளிலிருந்து அந்தப் பெயர் நினைவுக்கு வராமல் தவித்துக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் வந்தது.

மண்டபத்தில் சதக்கத்துல்லா மரைக்காயர் என்று ஒருவர் மீன் காயவைக்கிற களம் வைத்திருக்கிறார். அவர் பேரன் என் வகுப்பு. அவரைப் போய்ப் பார்த்தேன். புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் வேலை தருகிறார். களத்துக்குப் பக்கத்தில் குடிசை போட்டுக்கொள்ளலாம். இருளாயியை என் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறேன். வருவார்களா என்று கேள். ஊரை விட்டு வா என்று சொல்வது லேசான காரியம் இல்லை என்பது தெரியும். நீ கட்டாயப்படுத்தாதே.

சனிக்கிழமை நானே வருகிறேன். முதலில் வீட்டுக்குப் போவேன். அய்யாவிடம் பேசிவிட்டு உன்னிடம் வருகிறேன்.

இன்னொன்று. இரண்டாவது மணி அடிக்கிறேன். பிள்ளைகள் வருகிறார்கள்.

உன்,
முருகு


ஆர்.எஸ்.மங்கலம்
4.1.1959

அன்புள்ள முருகுக்கு,

நீ வந்த சனிக்கிழமை உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நீ சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. போன சுருக்கில் நீ பையோடு திரும்பி வந்ததையும், உம்மு ஹபீபா வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். அது போதும். பொங்கலுக்கு நீ ஊருக்கு வரமாட்டாய் என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள்.

காத்தமுத்து குடும்பம் மண்டபத்துக்குக் கிளம்பியதையும் அதன் பிறகு நடந்ததையும் சொல்கிறேன். அவர்களைப் பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். பேச்சி பஸ் கம்பியைப் பிடித்தபடி ஊர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் ஏறினாள். அடுத்த வாரமே கண்மாய்க்கரையிலிருந்து இன்னும் சில குடும்பங்கள் சாயல்குடி உப்பளத்துக்குப் போய்விட்டன. யாரும் சண்டை போடவில்லை. காலையில் பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது. அறுப்புக்கு ஆள் கிடைக்குமா என்று இப்போதுதான் தெருவில் கவலைப்படுகிறார்கள்.

வருகை இப்படியே குறைந்தால் பள்ளியை மூடவேண்டி வரும் என்று இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வருகிறார்கள். வெள்ளையம்மாளும் வெள்ளிக்கிழமை வந்தாள். உட்கார்ந்ததும் சுற்றிலும் பார்த்தாள்.

"இருளாயி எங்கன டீச்சர்?"

"உன் அத்தையிடம் படிக்கிறாள்" என்றேன். "அங்கன யாரு கூட்டுறா?" என்று கேட்டாள். "உன் அத்தைக்கு எழுதிக் கேட்கிறேன்" என்று சொன்னேன். கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
கண்ணி


சங்குமுனை
9.2.1959

அன்புள்ள கண்ணிக்கு,

வெள்ளையம்மாளிடம் சொல். இங்கேயும் முறைதான். இருளாயிக்குச் செவ்வாய்க்கிழமை. வந்த புதிதில் தினமும் விடியுமுன்னே வந்து கூட்டி வைத்திருந்தாள். உன் முறை வரும்போது கூட்டினால் போதும் என்று சொன்னால் தலையை ஆட்டுவாள், மறுநாளும் கூட்டியிருப்பாள். ஒருநாள் நான் அவளுக்கு முன்னால் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். அவளும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்துப் பார்த்தாள், பின்னால் கட்டிப் பார்த்தாள். இப்போது மெதுவாக வாசிக்கிறாள். உரக்க வாசிக்கச் சொன்னால் நின்றுவிடுகிறாள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். வியாழக்கிழமை அய்யா இங்கே வந்தார்.

இரண்டாவது மணி அடித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மண்டபம் ஸ்டேஷனிலிருந்து மணலில் நடந்தே வந்திருக்கிறார். நான் எதுவும் சொல்லுமுன் இருளாயி எழுந்துவிட்டாள். எழுந்தது மட்டும் இல்லை, பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சுவர் மூலைக்குப் போய் ஒடுங்கி நின்றாள். மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ பெரியவர் வந்திருக்கிறார் என்று அவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

அய்யா என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"இருளாயி, ஒன் எடத்துல உக்காரு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அய்யாவைப் பார்த்தாள். அசையவில்லை. கண்ணி, அவர் எதிரில் நான் ஒருநாளும் குரல் எழுப்பியதில்லை. நான் வீட்டுக்குப் போன சனிக்கிழமையும் அவர் பேசினார், நான் நின்று கேட்டேன், பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

"உக்காரு தாயி" என்று மறுபடியும் சொன்னேன்.

அவள் நடந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அறையில் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அய்யாவும் நானும்தான் நின்றுகொண்டிருந்தோம்.

வெளியே போய்ப் பேசினோம். அறுப்புக்கு ஆள் இல்லை, கதிர் சாய்கிறது என்றார். "காத்தமுத்த வரச் சொல்லு. பழசை யாரும் பேச வேணாம்" என்றார். அவர் வாயிலிருந்து அது வர எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கும் கஷ்டமாக இருந்தது.

"அவருக்கு இங்கன வேலை இருக்குய்யா" என்றேன்.

"அவருக்கா?"

"ஆமாய்யா. அவருக்குத்தான்."

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. காத்தமுத்தை நீங்களே பார்த்துக் கேளுங்கள், களம் பக்கத்தில்தான் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். நீங்கள் வரச் சொல்லவில்லையே என்றேன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கூடப் போனேன். அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். வண்டியில் ஏறி சன்னல் ஓரம் உட்கார்ந்தார். கிளம்பப் போகிற நேரத்தில், என்னைப் பார்க்காமலே, "வெள்ளையம்மாளைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுட்டேன். புதன்கிழமை மட்டும் விடலை" என்றார்.

நீ இதை எனக்கு எழுதவில்லை. நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருப்பாய். வருத்தம்தான். ஆனால் அன்று ராத்திரி முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை வேறு குழுவுக்கு மாற்றிவிடலாமா, அல்லது புதன்கிழமையில் கூட்டுகிற வேலையை எடுத்துவிடலாமா என்று உனக்குத் தோன்றும். மாற்றாதே. அவள் பெயர் அந்தக் குழுவிலேயே இருக்கட்டும். அவள் வராத புதன்கிழமைகளில் மற்றப் பிள்ளைகள் அவள் பங்கையும் சேர்த்துக் கூட்டட்டும். என்றைக்காவது அவளாகவே வருவாள். அய்யாவுக்கும் அது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இல்லையென்றால் அத்தனை தூரம் வந்தவர், வண்டி கிளம்பும்போது அதை ஏன் என்னிடம் சொல்கிறார்?

உன்,
முருகு